மேசைமேல் பன்னிரண்டு மாடி

இடது கையின் நகம் பால்கனியின் விளிம்பை அசையாமல் பிடித்திருக்க, வலது கையில் இருந்த இடுக்கி அதற்குரிய கம்பித் தடுப்பைக் கொண்டுவந்து வைத்தது. தடுப்பு மொத்தமே சுண்டுவிரல் நக அகலம். ஊசி முனையில் தொட்டெடுத்த ஈரம்தான் பசை. மூச்சை அடக்கிக்கொண்டு பத்து வரை எண்ணியபின் இடுக்கி விலகியது. தடுப்பு நின்றது. கைகள் அடுத்த பால்கனிக்கு நகர்ந்தன. ஒன்பதாவது மாடியில் இன்னும் பதினாறு பாக்கி, அதற்கு மேலே மூன்று மாடிகள்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரைத் தெருவில் மாதிரிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இனிமேல் கட்டப்போகும் கட்டிடங்களை அட்டையிலும் நுரைப்பலகையிலும் கண்ணாடித் தாளிலும் சின்னதாகச் செய்து கொடுப்பது அவர் தொழில். இப்போது மேசைமேல் இருப்பது வீட்டுவசதித் துறையின் வேலை. சொந்த வீடு இல்லாதவர்களுக்காக நான்கு கட்டிடங்கள், நானூற்று எண்பது வீடுகள், நடுவில் ஒரு பூங்கா, பூங்காவில் பஞ்சால் செய்த மரங்கள். பக்கத்தில் தனியாக ஒரு தட்டில், கூரை இல்லாமல் உள்ளே பார்க்கும்படி, கொஞ்சம் பெரிய அளவில் ஒரே ஒரு வீடு.

இதே திட்டத்துக்கு அவர் மாதிரி செய்வது இது நான்காவது தடவை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் முதலில் செய்தபோது நான்கு மாடி. அடுத்த முறை ஏழு. அதற்கடுத்து ஒன்பது. இந்த வருடம் பன்னிரண்டு. நிலத்தில் ஒரு செங்கல் விழவில்லை. தகர வேலியும் அதன்மேல் ஒரு பலகையும்தான் நிற்கின்றன. கட்டாமலே உயர்ந்துகொண்டு போன கட்டிடம் அது. கண்காட்சி வரும்போதெல்லாம் புது வரைபடம் வரும், புது மாதிரி கேட்பார்கள். பழைய மாதிரி எங்கேயோ ஒரு கிடங்கில் எலிக்கு வீடாகியிருக்கும்.

அவருக்கு யாரும் இந்த வேலையைச் சொல்லித் தரவில்லை. பதினெட்டு வயதில் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் எழுத்து வெட்டப் போனார். சூடான கம்பியால் நுரைப்பலகையை அறுக்கும் வேலை. எழுத்தின் வளைவு கொஞ்சம் பிசகினாலும் முதலாளிக்குத் தெரியுமோ இல்லையோ, இவருக்கு ராத்தூக்கம் போய்விடும். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டிருந்த கட்டிட வரைபடங்களை வாங்கிவந்து, கோடுகளை அளந்து அளந்து, எந்தக் கோடு சுவர், எந்தக் கோடு கதவு என்று தானாகவே படித்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் பொறியாளர் போட்ட வரைபடத்தில் மாடிப்படி ஒன்று குறைகிறது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். அன்று அவருக்கு வாய்நிறையத் திட்டுதான் கிடைத்தது. படி குறைந்தது என்னவோ உண்மை.

முதல் மாதிரியை ஒப்படைத்த அன்றே, அதே அலுவலகத்தில், அதே வீடுகளில் ஒன்றுக்கு மனுவும் போட்டுவிட்டு வந்தார். வரிசையில் அவருடைய எண் ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று. போன வருடம் போய்க் கேட்டபோது ஆயிரத்து நூற்று அறுபத்தொன்பது.

"பரவாயில்லையே, நாலு எடம் முன்னேறிட்டீங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். "நாலு பேருக்கு வீடு கெடச்சிருக்குமா, இல்ல நாலு பேரு போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

மாமனார் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், வாய்க்கு இல்லை.

மாதிரிக்காரருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. போன வருடம் அந்தக் கடையின் சொந்தக்காரர் வாடகையை ஒரே தாவாக இரட்டிப்பாக்கினார். "எல்லாமே ஏறிடுச்சே, நான் மட்டும் எப்படிங்க எறங்கறது?" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. எண்ணெய் ஏறியிருந்தது, மின்கட்டணம் ஏறியிருந்தது, குடியிருக்கும் வீட்டின் வாடகை அந்த ஒரே வருடத்தில் இரண்டு முறை ஏறியிருந்தது. ஏறாமல் உட்கார்ந்திருந்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மனைவி வாங்கும் சம்பளம் ஒன்றுதான். ஆகவே கடையைக் காலி செய்து, மேசையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

வீடு என்பது ஒரே அறை. பத்தடிக்கு ஏழடி. மேசை எட்டுக்கு ஐந்து. அவர், மனைவி, பத்தாவது படிக்கும் மகள், மாமனார் நான்கு பேரும் மிச்சமிருந்த சந்தில் நடந்தார்கள், மேசைக்கடியில் படுத்தார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும் என்பதால் எல்லோரும் உருண்டு எழுந்திருக்கப் பழகியிருந்தார்கள். நானூற்று எண்பது குடும்பங்களுக்கு வீடு மேலே, வீடில்லாத ஒரு குடும்பம் கீழே.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். பதினோரு வருடத்தில் மனுவைத் தேடி ஓர் ஆள் வீடுவரை வந்தது அதுவே முதல் தடவை. மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்காரச் சொல்ல ஓர் இடமில்லை என்பதால் மாமனார் எழுந்து வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆய்வாளர் வயதில் சின்னவர், களைத்துப் போன முகம். அறையின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளக்க மேசை விடவில்லை.

"இது என்னங்க?"

"உங்க துறையோட வேலைதான் சார். திங்கக்கெழம கண்காட்சி."

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். ஒரு நிமிடம் அவர் முகத்தில் களைப்பு மறைந்து, சின்னப்பிள்ளையின் ஆசை வந்து போனது. பிறகு கையிலிருந்த படிவத்தைத் திருப்பினார். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று குடியிருப்பு, இன்னொன்று தொழிலிடம். இரண்டாவதில் குறி போட்டார்.

"சார், சார்! நாங்க இங்கதான் இருக்கோம்."

"இருக்கீங்க, இல்லேங்கல. அறையில பாதிக்கு மேல தொழில் நடக்குதே. தொழிலிடம் வச்சிருக்கறவங்களுக்கு இந்தத் திட்டத்துல வீடு கெடயாது. விதிய நான் எழுதல."

"இது உங்க திட்டத்து வீடுகளோட மாதிரி சார். உங்களுக்காகச் செய்யறது."

"யாருக்காகச் செஞ்சா என்னங்க? பார்த்ததத்தான எழுத முடியும்."

மனைவி முன்னால் வந்தாள். "அப்ப இது போயிட்டா?"

ஆய்வாளர் பேனாவை மூடாமல் யோசித்தார். "வெள்ளிக்கெழம மதியம் பட்டியல் மூடுது. அதுக்கப்புறம் சேர்க்க முடியாது, நீக்கவும் முடியாது. வெள்ளி காலையில இந்தப் பக்கம் இன்னொரு ஆய்வு இருக்கு. அதுக்குள்ள அறை காலியா இருந்து, மாதிரிய ஒப்படச்சதுக்கு முத்திரை போட்ட சீட்டும் இருந்தா, மாத்தி எழுதறேன். சும்மா வெளிய தூக்கி வச்சிட்டு மறுநாள் உள்ள கொண்டுவந்தீங்கன்னா என் வேலை போயிடும். சீட்டு வேணும்."

அவர் போனபின் மாமனார் உள்ளே வந்தார். "பதினோரு வருஷம் கழிச்சு வந்தான், பதினோரு நிமிஷம் நிக்கல," என்றார்.

மாதிரிக்காரர் இடுக்கியை எடுத்தார். திங்கட்கிழமைக்கு முடிக்க வேண்டியதை வியாழக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். அவருக்கு அவசரம் என்றால் வேகமாகச் செய்வது இல்லை, சாப்பாட்டை விட்டுவிடுவது. புதன்கிழமை காலைக்குள் எல்லாத் தடுப்புகளும் நின்றுவிட்டன. ஒன்றுகூடச் சாயவில்லை.

புதன் பிற்பகல் துறை அலுவலகத்துக்குப் போனார். மாதிரியைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் உதவிப் பொறியாளர். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழமன்னுதானப்பா சொல்லியிருக்கு?"

"முடிஞ்சிருச்சு சார். நாளைக்கே கொண்டு வந்துடறேன்."

"கொண்டுவந்து எங்க வைக்கிறது? கண்காட்சி மண்டபத்துச் சாவி வேற துறைகிட்ட இருக்கு. திங்கக்கெழமதான் தெறப்பாங்க."

"இங்கயே ஓரமா வச்சுக்கலாமே சார்."

உதவிப் பொறியாளர் அறையைச் சுற்றிக் கையைக் காட்டினார். அறை பெரிதுதான். ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஓர் அலமாரி. "இங்கயா? எங்கப்பா எடம் இருக்கு? எட்டடிக்கு அஞ்சடிய இங்க வச்சிட்டு நான் எங்க உக்கார்றது?"

மாதிரிக்காரருக்குப் பதில் ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. அவர் விழுங்கிவிட்டு, ஆய்வாளர் சொன்னதை எடுத்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை, கட்டம், சீட்டு எல்லாவற்றையும். உதவிப் பொறியாளர் நடுவில் இரண்டு முறை தொலைபேசி எடுத்தார்.

"அது வேற பிரிவு," என்றார் கடைசியில். "அவங்ககிட்ட மனு குடு. முப்பது நாள்ல பதில் வரும்."

"பட்டியல் நாளன்னிக்கு மூடுது சார்."

"அதுக்கு நான் என்னப்பா செய்ய முடியும்?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கேட்டுட்டு வந்தீங்க. சரி," என்றாள். "நாளைக்கு நான் லீவு சொல்லிடறேன். கேக்காம கொண்டு போவோம்."

மாதிரி நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியும் இரண்டரை அடி அகலம், எந்த வாசலிலும் நுழையும். வியாழக்கிழமை காலை ஒரு சின்னச் சரக்கு வண்டியில் இரண்டு பாதிகளும் ஏறின; வெறுமையான மேசையைக் கழற்றிப் பலகைகளைச் சுவரில் சாய்த்தார்கள். காற்றில் மரங்கள் பறக்காமல் இருக்க மாமனார் பூங்காவின் மேல் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். மனைவி கூரையில்லாத வீட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

துறை அலுவலகத்தில் வியாழன் பொதுமக்கள் குறைகேட்கும் நாள். கூடத்தில் ஐம்பது அறுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். துறையின் பொருள் என்றதும் காவலாளி வழிவிட்டார். உள்ளே போனபின்தான் பிரச்சினை: எங்கே இறக்குவது? பெஞ்சில் இருந்த ஒருவர் மாதிரியைப் பார்த்துவிட்டு எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். நான்கு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, இரண்டு பாதிகளையும் வைத்து, மாதிரிக்காரர் இணைப்பைப் பொருத்தினார். கூட்டம் சுற்றி நின்றுவிட்டது.

"இதானா நம்ம வீடு?"

"இதேதான். நோட்டீஸ்ல பார்க்கல?"

"அப்ப என்னுது எதுங்க? என் நம்பர் எண்ணூத்திச் சொச்சம்."

"எண்ணூறா? இருக்கறதே நானூத்தி எண்பதுய்யா. நீ அந்தப் பஞ்சு மரத்துலதான் ஏறணும்."

சிரிப்பு எழுந்தது. ஒரு கட்டிடத் தொழிலாளி ஐந்தாவது மாடியில் ஒரு ஜன்னலைத் தொடாமல் விரலால் காட்டி, "இது எனக்கு, காத்து வரும்," என்றார். இன்னொருவர் அது தனக்கு என்று சண்டைக்கு வந்தார். மாதிரிக்காரர் யாருடைய விரலும் தடுப்பில் படாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் நின்றார்.

அப்போது பச்சைப் பை வைத்திருந்த ஓர் அம்மா, கூரையில்லாத வீட்டின் முன் குனிந்து நின்றார். முழங்கால் வலிக்காரர் போலிருக்கிறது, பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் குனிய முடிந்தது. படுக்கையறையில் இரண்டு கட்டில், சுவரோரம் ஒரு பீரோ, நடக்க நடுவில் தாராளமான இடம்.

"எவ்வளவு எடம்!" என்றார். பிறகு நிமிர்ந்து, "தம்பி, இதச் செஞ்சது நீங்களா? என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ஆறடிக் கட்டில். பக்கத்துல எனக்கு ஒண்ணு. ரெண்டும் போட்டா இப்படி நடக்க எடமிருக்குமா? அளவு கரெக்டா?" என்று கேட்டார்.

மாதிரி செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. வீட்டின் சுவரை அளவுக்குச் செய்வார்கள், சாமானை முக்கால் அளவுக்குச் செய்வார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அறை பெரிதாகிவிடும். முதல் தடவை உதவிப் பொறியாளரின் முன்னவர் சொல்லித்தான் செய்தார், அப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருடத்தில் அளவு சரியா என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

மனைவிக்கு அவர் முகம் போன போக்கு பிடிபட்டுவிட்டது. சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க. சீட்டு வாங்கிட்டுப் பேசுங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அரை மில்லிமீட்டருக்காகப் பட்டினி கிடக்கிற மனிதரிடம் வேறு எதைக் கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பார். அளவைக் கேட்டுவிட்டார்கள்.

"இல்லம்மா," என்றார். "சுவர் கரெக்டு. கட்டில் கரெக்டு இல்ல."

சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் இடுக்கியால் இரண்டு கட்டில்களையும் பீரோவையும் எடுத்து, தன் தலைவலி மாத்திரை டப்பாவுக்குள் போட்டார். பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்தார். அளவுகோலை வைத்து, ஆறடிக்கு மூன்றடி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, அந்த வீட்டின் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டினார். பீரோவுக்கு ஒன்று. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. கத்தி அட்டையில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றையும் படுக்கையறையில் வைத்து, கதவைச் சுண்டுவிரலால் தள்ளினார். கதவு பாதி வந்து கட்டிலில் முட்டி நின்றது.

"பீரோவ எடுத்துட்டா?" என்றார் அந்த அம்மா.

பீரோவை எடுத்து, கட்டில்களை நகர்த்தினார். கதவு திறந்தது. ஆனால் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அளவுகோலின் விளிம்பைக்கூட நுழைக்க முடியவில்லை.

"அவர எப்படித் தூக்கி உக்கார வைக்கிறது?" என்று அந்த அம்மா மாதிரிக்காரரிடமே கேட்டார், அவர்தான் வரைபடம் போட்டவர் போல.

கட்டிடத் தொழிலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஒம்பது வருஷமா வரிசையில நிக்கறேன். இந்தப் பெட்டிக்கா?"

"நான் வாடகை கட்ட முடியாம மூணு வீடு மாறிட்டேன்யா, இந்தப் பட்டியல நம்பி!"

"கட்டவே இல்ல, அதுக்குள்ளயே கட்டில வெட்டிட்டாங்க!"

"கூப்பிடுங்கய்யா உள்ள இருக்கறவர!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு உதவிப் பொறியாளரே வந்துவிட்டார். மாதிரியைக் கண்டதும் அவர் முகம் வெளிறி, பிறகு சிவந்தது. "யார் இத இங்க கொண்டுவரச் சொன்னது?"

"சார், ரெண்டு கட்டில்ல எது நிஜம், சொல்லுங்க," என்றார் பச்சைப் பை அம்மா. சத்தம் போடவில்லை. அதுதான் அவரைப் பதறவைத்தது.

"அம்மா, இது சும்மா ஒரு மாதிரி. கட்டும்போது எல்லாம் பார்த்துக்கலாம்."

"எப்ப கட்டுவீங்க?" என்று நாலா பக்கமும் கேட்டது.

உதவிப் பொறியாளர் மாதிரிக்காரர் பக்கம் திரும்பினார். "மொதல்ல இத இங்கேருந்து எடுத்துட்டுப் போ."

"வண்டி போயிடுச்சு சார்."

"நாந்தான் அனுப்பிட்டேன்," என்றார் மாமனார். "நிக்க வச்சா அதுக்கும் காசு கேக்கறான்."

கூட்டத்தில் ஒருவர் கைபேசியை உயர்த்திக் கதவு முட்டுவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். உதவிப் பொறியாளர் அதைப் பார்த்தார். திங்கட்கிழமை திறப்புவிழாவுக்கு யார் யார் வருவார்கள் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சரி, சரி, என் ரூமுக்குக் கொண்டுவா. சீக்கிரம்!"

தூக்க ஆளுக்கா பஞ்சம்? எட்டுப் பேர் கை கொடுத்தார்கள். ஆனால் அறைக்குள் மேசை இருந்தது. ஆகவே முதலில் அந்த மேசை வெளியே வந்தது, பின்னாலேயே நாற்காலிகள் வந்தன. அப்புறம் பெஞ்சுகள் உள்ளே போயின. மாமனார் வாசலில் நின்று, முப்பது வருடப் பழக்கத்தில், "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் நெறைய இருக்கு!" என்று கூவினார். நான்கு கட்டிடங்களும் பூங்காவும் கூரையில்லாத வீடும் அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தன. ஒரு தடுப்புகூட விழவில்லை என்று மாதிரிக்காரர் மாடி மாடியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அப்புறம்தான் முன்பே எழுதி வைத்திருந்த சீட்டை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து சார்."

"கட்டிலப் பழையபடி வை. அப்புறம் போடறேன்."

அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நாளை மதியத்தோடு பதினோரு வருடமும் தண்ணீரில் போட்டது போலத்தான். கதவுக்கு வெளியே பத்துப் பதினைந்து தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பச்சைப் பை அம்மா முன்வரிசையில் நின்றார்.

"கை நடுங்குது சார். சின்னச் சாமான், இப்ப ஒட்டுனா கோணலாயிடும்," என்றார் மாதிரிக்காரர். அவர் கையை நீட்டிக் காட்டினார். கை கல்லுப்போல நின்றது. "ஒப்படச்சிட்டா அது உங்க பொருள். நீங்க எப்படி வேணும்னாலும் வச்சுக்கலாம். நான் சீட்டுல எல்லாத்தயும் எழுதித் தந்துடறேன், ஒண்ணும் கொறயாது."

சீட்டை அறைச் சுவரில் வைத்து, கடைசி வரியில் சேர்த்து எழுதினார்: 'கட்டில் இரண்டு, பீரோ ஒன்று, தனியாக டப்பாவில்.' வெளியே யாரோ, "போட்டுக் குடுங்க சார், அந்தாளு செஞ்சதுக்குத்தான கேக்கறாரு," என்றார். உதவிப் பொறியாளர் சீட்டைப் பிடுங்கி, நின்றபடியே கிறுக்கினார்.

"தேதி சார்."

தேதி போட்டார்.

"முத்திரை."

முத்திரை மேசை இழுப்பறையில் இருந்தது. மேசை வராந்தாவில் இருந்தது. உதவிப் பொறியாளர் வெளியே வந்தார். அவருடைய நாற்காலியில் பச்சைப் பை அம்மா முழங்காலை நீட்டி உட்கார்ந்துவிட்டிருந்தார். எழுந்திருக்கச் சொல்ல அவர் வாய் எழவில்லை. குனிந்து, இழுப்பறையைத் திறந்து, முத்திரையைத் தேடி எடுத்து, மையில் ஒற்றி, சீட்டில் ஓங்கிக் குத்தினார்.

மாதிரிக்காரர் மை காயும்வரை ஊதினார். எழுத்து எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிக்காமல் மனைவியிடம் கொடுத்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டி, மூடி, உதவிப் பொறியாளரின் உள்ளங்கையில் வைத்தார்.

"ரெண்டு கட்டில், ஒரு பீரோ. சரி பார்த்துக்குங்க சார்."